சடமும் செலுத்துவோனும்

ஒரு பொருளின் மேல் செயற்படும் விசை, அப்பொருளின் நிறையை அது பெறும் முடுக்கத்தால் பெருக்கினால் வரும் அளவுக்குச் சமம் என்பது, இயக்கவியல் கற்கப் புகும் எவரும் முதல் சில நாட்களிலேயே மனப்பாடம் செய்துவிடும் விதி. முடுக்கம் என்பது திசைவேகம் மாறும் வீதம். ஓடும் வண்டி வேகம் கூடுவதும், தடை போட்டு வேகம் குறைவதும், வேகம் அப்படியே இருக்க வளைவில் திசை மட்டும் திரும்புவதும் ஆகிய மூன்றுமே முடுக்கந்தான். நிறை என்பது அந்த மாற்றத்துக்கு எளிதில் இணங்காத தன்மையின் அளவு. ஒரு கிலோகிராம் நிறையுள்ள பொருளின் திசைவேகத்தை ஒவ்வொரு நொடியும் நொடிக்கு ஒரு மீட்டர் வீதம் மாற்ற வேண்டிய விசை ஒரு நியூட்டன் எனப்படும். 100 கிராம் நிறையுள்ள ஒரு கொய்யாப்பழத்தைத் தாங்கி நிற்கும் உள்ளங்கை ஏறத்தாழ அந்த அளவு விசையையே அதன்மேல் செலுத்துகிறது. இவ்வளவும் கணக்கு. ஆனால் இம்மூன்றில் முடுக்கத்தை அளவுகோலும் கடிகாரமும் கொண்டு அளக்கலாம், நிறையைத் தராசில் ஒப்பிடலாம். விசையை மட்டும் எவரும் கண்டதில்லை, அதன் விளைவையே கண்டிருக்கிறார்கள். சமக்குறியின் ஒரு புறம் காரணமும் மறுபுறம் காரியமும் நிற்கின்றனவா, அல்லது ஒரே நிகழ்ச்சிக்கு இட்ட இரண்டு பெயர்கள்தாம் நிற்கின்றனவா என்பது மெய்யியல் கேள்வி. உயிரற்ற பொருள் தானாக எதையும் செய்யவல்லதா என்ற பழைய வழக்கு அதனுள் அடங்கியிருப்பதால், அது தொடக்கத்திலிருந்தே சமயக் கேள்வியாகவும் இருந்துவந்திருக்கிறது.

தமிழில் இவ்விதியைச் சொல்ல முற்படும்போதே அந்த வழக்கின் ஒரு நுனி கையில் அகப்பட்டுவிடுகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் நிறை என்றும் முடுக்கம் என்றும் கூறுபவற்றை இலங்கைப் பாடநூல்கள் திணிவு என்றும் ஆர்முடுகல் என்றும் கூறுகின்றன. அங்கே நிறை என்ற சொல் இங்கே எடை எனப்படுவதைக் குறிக்கும். பொருள் தன் நிலையை மாற்றிக்கொள்ளாமல் இருக்கும் இயல்பை இங்கே நிலைமம் என்று எழுத, அங்கே சடத்துவம் என்று எழுதுகிறார்கள். சடம் என்பது சைவ சித்தாந்தத்தின் ஆணிவேரான சொற்களில் ஒன்று. அறிவில்லாதது சடம், மாயையும் கன்மமும் சடம், சடம் தானே தொழிற்படாது, ஆகவே அதைச் செலுத்தும் அறிவுடைய முதல் ஒன்று வேண்டும் என்பது பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதத்தின் முதல் நூற்பாவைச் சுற்றி வளர்ந்த வாதத்தின் சாரம். குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகையும் தண்டும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்ற உவமையைச் சித்தாந்த நூல்கள் எடுத்தாளும். இயற்பியல் கலைச்சொல்லை ஆக்கியோர் இந்தப் பின்புலத்தை எண்ணித்தான் சடத்துவம் என்றார்களோ இல்லையோ, அச்சொல் மிகச் சரியான இடத்தைத் தொட்டுவிட்டது. எனினும் இரண்டு சடங்களுக்கும் இடையே ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. சித்தாந்தத்தின் சடம் தானாக இயங்கத் தொடங்காது. நியூட்டனின் சடமோ தானாக இயங்கத் தொடங்காததோடு, இயங்கத் தொடங்கிவிட்டால் தானாக நிற்கவும் செய்யாது. இந்த இரண்டாம் பாதியைச் சொல்வதற்கு மனித அறிவு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

அதற்குமுன் இருந்த கருத்து இயல்பானது, அன்றாட அனுபவம் முழுவதும் அதற்குச் சான்றாக நின்றது. இழுப்பதை நிறுத்தினால் வண்டி நிற்கிறது. ஆகவே இயக்கம் நீடிப்பதற்கே காரணம் வேண்டும் என்று அரிஸ்டாட்டில் கொண்டார். இயங்குவது எதுவாயினும் அது இன்னொன்றால் இயக்கப்படுகிறது, அந்தச் சங்கிலி முடிவின்றிப் போக முடியாது, எனவே தான் அசையாமல் பிறவற்றை அசைக்கும் முதல் ஒன்று உண்டு என்ற அவருடைய முடிவைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமஸ் அக்வினாஸ் இறைவன் உண்டு என்பதற்கான ஐந்து வழிகளில் முதலாவதாக வைத்தார். இக்கருத்துக்குத் தொல்லை கொடுத்தது அம்பு. நாணை விட்டு அகன்ற பிறகு அம்பைத் தொடர்ந்து தள்ளுவது யார்? சுற்றியுள்ள காற்றே தள்ளுகிறது என்ற அரிஸ்டாட்டிலின் விடையை ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கிறித்தவ அறிஞர் பிலோபொனஸ் ஏற்கவில்லை. எறிபவன் எறியப்படும் பொருளுக்குள்ளேயே ஓர் உந்துதலைப் பதித்துவிடுகிறான் என்றார் அவர்.

இதே அம்பு இந்திய மண்ணிலும் வைசேடிகர் என்னும் மெய்யியல் மரபினர் கையில் ஆராயப்பட்டிருக்கிறது என்பது வியப்பூட்டும் ஒற்றுமை. கணாதருடைய வைசேடிக சூத்திரத்தின்படி அம்பின் முதல் அசைவு நாணின் உந்தலால் பிறக்கிறது. அந்த அசைவு அம்பினுள் ஒரு சம்ஸ்காரத்தை, அதாவது பதிவை, உண்டாக்குகிறது. அப்பதிவு அடுத்த அசைவையும் அதற்கடுத்த அசைவையும் பிறப்பிக்கிறது. பதிவு தீர்ந்ததும் குருத்துவம் என்னும் கனத்தன்மையால் அம்பு வீழ்கிறது. இந்தப் பதிவைப் பின்னாளில் வேகம் என்றே அழைத்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் இயற்றி, சிவஞான முனிவரால் தமிழுக்கு வந்த தருக்க சங்கிரகம், முதல் வீழ்ச்சிக்குக் காரணம் குருத்துவம் என்று வரையறுக்கிறது. முதல் வீழ்ச்சிக்கு மட்டுமே குருத்துவம், அதன் பின்னைய வீழ்ச்சிகளுக்கு வேகம் என்ற இந்தப் பிரிவினை மிகக் கூரியது. வைசேடிகத்தில் அசைவுக்குப் பெயர் கருமம் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. மனிதன் செய்யும் வினைக்கும் கல்லின் அசைவுக்கும் ஒரே சொல். ஆயினும் இங்கும் ஒவ்வொரு கணத்து அசைவுக்கும் ஒரு காரணம் கேட்கப்படுகிறது. வெளியே நின்ற இயக்குபவன் பொருளின் உள்ளே குடிபுகுந்திருக்கிறானே தவிர, இயக்குபவன் தேவையில்லை என்ற எண்ணம் எழவில்லை.

பாரிஸ் பல்கலைக்கழகத்தில் பதினான்காம் நூற்றாண்டில் ஆசிரியராக இருந்த ஜான் புரிடான் அந்த எண்ணத்தின் வாயில்வரை வந்தார். எறியப்பட்ட பொருளில் பதியும் உந்துதல், அப்பொருளில் உள்ள சடத்தின் அளவுக்கும் அதன் வேகத்துக்கும் ஏற்றதாக இருக்கும் என்றும், எதிர்ப்பு எதுவும் இல்லையெனில் அது குன்றாது என்றும் அவர் கண்டார். விண்ணில் எதிர்ப்பு இல்லை. ஆகவே படைப்பின்போது இறைவன் விண்கோளங்களுக்கு ஒருமுறை உந்துதலைத் தந்திருந்தால் போதும், அவற்றை நாள்தோறும் சுழற்றுவதற்கு வானவர்களை நியமிக்கத் தேவையில்லை என்று எழுதி, இதை முடிவாகச் சொல்லாமல் இறையியலாரின் தீர்ப்புக்கு விட்டார். அந்தப் பணிவில் அச்சம் மட்டும் இருந்ததாகக் கொள்வது சரியன்று. இயக்கத்தைப் பற்றிப் பேசுவது இறைவனுடைய செயலைப் பற்றிப் பேசுவதே என்று அவர் உண்மையாகவே கருதியிருக்க வேண்டும். 1644-இல் டெகார்ட் நேர்கோட்டில் சீராக இயங்கும் பொருள் அவ்வாறே இயங்கிக்கொண்டிருக்கும் என்ற விதியைத் தந்தபோது, அதற்கு அவர் காட்டிய ஆதாரம் சோதனை எதுவுமன்று. இறைவன் மாறாதவன், ஆகவே அவன் படைத்த இயக்கத்தை மாறாமல் காக்கிறான் என்பதே.

1687-இல் வெளிவந்த நியூட்டனின் பிரின்சிப்பியா இந்த விதியை முதலாவதாக நிறுத்தி, இரண்டாவதாக விசையின் விதியை வைத்தது. இன்று பாடநூல்களில் உள்ள வடிவத்தில் அது அங்கே இல்லை; இயக்கத்தின் மாற்றம் செலுத்தப்பட்ட விசைக்கு நேர்விகிதத்தில், அவ்விசை செயற்படும் நேர்கோட்டின் திசையில் நிகழும் என்ற அளவில்தான் நியூட்டன் சொன்னார். நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கி எழுதும் சமன்பாட்டை இயக்கவியல் முழுவதற்குமான பொதுத் தத்துவமாக நிறுவியது, பெர்லின் அகாதெமியில் ஆய்லர் 1750-இல் அளித்த கட்டுரை. ஆனால் மெய்யியல் நோக்கில் பெரிய காரியம் நியூட்டனிலேயே நடந்துவிட்டது. செலுத்தப்பட்ட விசை செயலில் மட்டுமே உள்ளது, செயல் முடிந்தபின் பொருளில் தங்குவதில்லை என்று அவர் தம் வரையறையில் சொன்னபோது, பிலோபொனஸ், கணாதர், புரிடான் ஆகியோர் பொருளுக்குள் குடிவைத்த இயக்குபவன் வெளியேறிவிட்டான். இயங்கும் நிலைக்கும் நிற்கும் நிலைக்கும் காரணம் கேட்பது நின்றது. நிலை மாறுவதற்கு மட்டுமே காரணம் கேட்கப்பட்டது.

இந்த இடமாற்றம் எவ்வளவு பெரியது என்பதற்கு நிலவே சான்று. நிலவு ஏன் ஓடுகிறது என்று கேட்டவர்கள் அதன் பாதை வழியே அதைத் தள்ளும் ஒன்றைத் தேடினார்கள். நியூட்டன் கேட்டதோ அது ஏன் நேரே ஓடிவிடாமல் வளைகிறது என்பது. அதற்கான காரணம் பாதை வழியே இருக்க வேண்டியதில்லை, பாதைக்குக் குறுக்கே, பூமியின் மையத்தை நோக்கி இருக்க வேண்டும். நிலவு பூமியின் ஆரத்தைப் போல 60 மடங்கு தொலைவில் உள்ளது. தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்ப ஈர்ப்பு குறையுமெனில், தரையில் நொடிக்கு 9.8 மீட்டராக ஒவ்வொரு நொடியும் கூடும் வீழ்ச்சி, அங்கே 3600-இல் ஒரு பங்காக, ஏறத்தாழ 0.0027 மீட்டராக இருக்க வேண்டும். நிலவின் பாதையை அளந்து பெறும் முடுக்கமும் அதுவே.

கணக்கு பொருந்தியது, ஆனால் இடையில் எதுவும் இல்லாத வெளியில் பூமி நிலவை எவ்வாறு பற்றுகிறது என்ற கேள்வி எஞ்சியது. 1692-இல் ராபர்ட் பாயில் நினைவாக நிறுவப்பட்ட முதல் சொற்பொழிவுகளை ஆற்றிய ரிச்சர்ட் பென்ட்லி, நாத்திகத்தை மறுக்க நியூட்டனின் நூலைப் பயன்படுத்த விரும்பி அவருக்கு எழுதினார். விடையாக வந்த நான்கு கடிதங்களில் ஒன்றில், உயிரற்ற சடம் இடைப்பொருள் எதுவுமின்றித் தொலைவிலுள்ள இன்னொரு சடத்தின் மேல் செயற்படும் என்பது சிந்திக்கத் தெரிந்த எவரும் ஏற்க இயலாத அபத்தம் என்று நியூட்டன் கடுமையாகவே சொன்னார். ஈர்ப்பை உண்டாக்கும் முகவர் ஒன்று விதிப்படி இடைவிடாது செயற்பட வேண்டும், ஆனால் அது சடமா சடமல்லாததா என்பதைத் தம் நூலின் வாசகர்களின் ஆராய்ச்சிக்கு விட்டுவிட்டதாகவும் குறித்தார். இந்த மௌனத்தை லைப்னிட்ஸ் பொறுத்துக்கொள்ளவில்லை. 1715-லும் 1716-லும் நியூட்டனின் சார்பாக எழுதிய சாமுவேல் கிளார்க்குடன் அவர் நடத்திய கடிதப் போரில், இடைப்பொருள் இன்றி ஈர்ப்பது என்றால் அது ஓயாத அற்புதம் ஆகும் என்றும், கோள்களின் ஒழுங்கு தளரும்போது இறைவன் தலையிட்டுச் சீர்செய்வான் என்பது தான் செய்த கடிகாரத்துக்கு அவ்வப்போது சாவி கொடுக்கும் கைத்திறன் குறைந்த கம்மியனாக இறைவனை ஆக்குவதாகும் என்றும் வாதிட்டார். இறைவன் தேவைப்படாமல் ஓடும் உலகம் நாத்திகத்துக்கே இட்டுச்செல்லும் என்பது கிளார்க்கின் மறுமொழி. இருவருமே இறைவனின் பெருமையைக் காக்கத்தான் போராடினார்கள்.

மூன்றாவதாக ஒரு வழியும் இருந்தது: விசை என்ற ஒன்றே இல்லை என்று சொல்லிவிடுவது. ஒரு பந்து இன்னொன்றை மோதும்போது மோதும் பந்து உண்மைக் காரணம் அன்று, அத்தருணத்தில் இறைவனே இரண்டாவது பந்தை நகர்த்துகிறான் என்று 1674-இல் வெளிவரத் தொடங்கிய நூலில் மால்பிராஞ்சு எழுதினார். நெருப்புப் பஞ்சை எரிப்பதில்லை, இறைவனே எரிக்கிறான் என்று பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் அல்கஸ்ஸாலி வாதிட்டதன் வழிவந்த சிந்தனை போலவே அது ஒலிக்கிறது. 1721-இல் ஜார்ஜ் பெர்க்லி இயக்கத்தைப் பற்றி எழுதிய சிறுநூலில், முயற்சி என்பது உயிருள்ளவற்றுக்கே உரியது, அதை உயிரற்ற பொருளுக்கு ஏற்றி விசை என்று பேசுவது கணக்கிடப் பயன்படும் கற்பிதமே, உண்மையில் செயற்படுவது ஆன்மா மட்டுமே என்றார். 1883-இல் எர்ன்ஸ்ட் மாஹ் ஆன்மாவையும் கழித்துவிட்டு இதே வழியில் இன்னும் தொலைவு சென்றார். இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று பாதிக்கும்போது அவை பெறும் முடுக்கங்களின் விகிதமே நிறைகளின் விகிதத்தைத் தருகிறது. விசை என்பது நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கி வந்த தொகைக்கு இட்ட பெயர். அதற்குமேல் அதில் எதுவும் இல்லை.

விசை வெறும் பெயர்தான் என்றால் இவ்விதி எதையும் சொல்லாத விதியாகிவிடும். சமக்குறியின் இருபுறமும் ஒன்றே இருக்கும். உண்மையில் அவ்வாறு இல்லை என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒரு பொருளைச் சுருள்வில்லால் இழுத்து அறிந்த நிறையும், காந்தத்தால் இழுத்து அறிந்த நிறையும், மோதவிட்டு அறிந்த நிறையும் ஒரே எண்ணாக வருகின்றன. வில்லுக்கு ஒரு நிறை, காந்தத்துக்கு ஒரு நிறை என்று உலகம் அமைந்திருக்கக் கூடியதாயிருந்தும் அமையவில்லை. இது பெயரிடுவதால் கிடைத்த உண்மையாக இருக்க முடியாது. இரண்டாவது காரணம் இன்னும் வலியது. முடுக்கம் தென்பட்டால் அதற்குப் பொறுப்பான வேறொரு பொருள் எங்கோ இருக்க வேண்டும் என்று இவ்விதி ஆணையிடுகிறது, அந்த ஆணையின்படி தேடினால் பொருள் அகப்படுகிறது. யுரேனஸ் கோள் கணக்கிட்ட பாதையிலிருந்து விலகுவதைக் கொண்டு, அதை இழுக்கும் காணாத கோள் ஒன்றின் இடத்தை லெவெரியே கணித்துச் சொல்ல, 1846 செப்டம்பர் 23 அன்று பெர்லின் வானாய்வகத்தில் காலே அந்த இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூனைக் கண்டார். பெர்க்லி சொன்ன கற்பிதம் ஒரு கோளைச் சுட்டிக்காட்டியிருக்கிறது. கற்பிதங்கள் பொதுவாக அவ்வளவு உண்மையாக நடந்துகொள்வதில்லை.

இனிச் செலுத்துவோனைப் பற்றிய கேள்விக்குத் திரும்பலாம். இரண்டாம் விதியைத் தனியே படிப்பதால்தான் அதில் இறைவனுக்கு இடம் உண்டா இல்லையா என்ற குழப்பம் எழுகிறது. அதை மூன்றாம் விதியோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஒரு பொருள் இன்னொன்றின் மேல் விசை செலுத்தினால், அதே அளவு விசை எதிர்த்திசையில் அதன்மேலும் செலுத்தப்படுகிறது. கொய்யாப்பழம் மரத்திலிருந்து விழும்போது பூமியும் அதை நோக்கி எழுகிறது. பூமியின் நிறை ஏறத்தாழ 6-ஐத் தொடர்ந்து 24 சுழியங்கள் இட்ட கிலோகிராம் ஆகையால் அந்த எழுச்சி அளக்க முடியாத அளவு சிறியது என்பதைத் தவிர வேறு வேறுபாடில்லை. ஆகவே நியூட்டனின் உலகில் பிறிதை மாற்றும் எதுவும் தானும் மாறாமல் தப்ப முடியாது. அரிஸ்டாட்டிலின் முதல்வனுக்கோ இலக்கணமே தான் அசையாதிருப்பது. சித்தாந்தமும் இதில் உறுதியானது: ஞாயிற்றின் முன்னிலையில் தாமரை மலர்கிறது, அதனால் ஞாயிறு விகாரம் அடைவதில்லை, இறைவன் ஐந்தொழில் புரிவதும் அவ்வாறே என்று அது உவமை காட்டுகிறது. உவமையில் வரும் ஞாயிறு இயற்பியலின் சூரியன் அன்று. இயற்பியலின் சூரியன் ஒளி வீசுவதால் தன் நிறையையே இழந்துகொண்டிருக்கிறது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. இறைவனை ஈர்ப்புக்கும் காந்தத்துக்கும் பக்கத்தில் இன்னொரு விசையாக நிறுத்துபவர், அவனை எதிர்வினைக்கு உட்பட்ட ஒரு பொருளாக்கிவிடுகிறார். கோள்களைச் சீர்செய்யும் கடவுளைப் பேசிய நியூட்டன் இந்த விளிம்புக்கு மிக அருகில் நின்றார், லைப்னிட்ஸின் கண்டனம் அந்த அளவில் நேர்மையானது. விசைகளின் பட்டியலில் கடவுள் இல்லை, எனவே கடவுளே இல்லை என்பவரும் அதே பிழையைத் தலைகீழாகச் செய்கிறார். பட்டியலில் தேடும்படி அரிஸ்டாட்டிலின் மரபோ சித்தாந்தமோ ஒருபோதும் சொல்லவில்லை. குயவனின் கை திரிகையைத் தள்ளும்போது திரிகையும் கையைத் தள்ளுகிறது, அது இரண்டாம் விதிக்கும் மூன்றாம் விதிக்கும் உரிய செய்தி. குடம் என்ற ஒன்று ஏன் வேண்டும் என்று குயவன் எண்ணியது எந்த விதியின் கணக்கிலும் வராது. நிமித்த காரணம் என்று சித்தாந்தம் பேசியது அந்த இரண்டாவதைப் பற்றி. விதிகளின்படி உலகம் நடக்கிறது என்பது நிறுவப்பட்டபின்பும், விதிகளுக்கு உட்பட்ட உலகம் என்ற ஒன்று ஏன் இருக்கிறது என்ற கேள்வி தொடப்படாமலே நிற்கிறது. அதற்கு விடை உண்டு என்று சமயம் நம்புகிறது, இல்லை என்று சிலர் துணிகிறார்கள். இயக்கவியல் இருவருக்கும் சாட்சி சொல்ல வரவில்லை.

எனினும் காரணம் கேட்கத்தக்கது எது, கேட்கத் தேவையில்லாதது எது என்ற எல்லை நியூட்டனோடு நிலைத்துவிட்டதாகக் கருத முடியாது. முடுக்கத்துக்கு இணங்காமையின் அளவான நிறையும், ஈர்ப்புக்கு ஆட்படும் அளவான நிறையும் ஏன் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்கு அவருடைய விதிகளில் விடை இல்லை. பொன், வெள்ளி, ஈயம், கண்ணாடி, மணல், உப்பு, மரம், நீர், கோதுமை ஆகிய ஒன்பதையும் ஊசலில் ஏற்றி ஆடவிட்டு, ஆயிரத்தில் ஒரு பங்கு நுட்பத்துக்கு இரண்டும் ஒன்றே என்று அவர் கண்டார். 2022-இல் முடிவுகளை வெளியிட்ட பிரான்சின் மைக்ரோஸ்கோப் செயற்கைக்கோள் ஏறத்தாழ ஆயிரம் இலட்சம் கோடியில் ஒரு பங்கு வரை வேறுபாடு காணவில்லை. புதன் கோளின் பாதையும் தொல்லை தந்தது. அதன் நீள்வட்டம் நூற்றாண்டுக்கு 43 விகலை, அதாவது பாகையின் 3600 பங்கில் 43 பங்கு, கணக்குக்கு மேல் திரும்பியது; நெப்டியூனைத் தந்த அதே முறையில் லெவெரியே இன்னொரு கோளைத் தேடச் சொன்னார், ஆனால் இம்முறை எதுவும் அகப்படவில்லை. இழுக்கும் பொருளைத் தேடும் ஆணை இங்கே பொய்த்தது. 1915-இல் ஐன்ஸ்டைன் அந்த 43 விகலைகளுக்கும் கணக்குச் சொன்னபோது, ஈர்ப்பை விசைகளின் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டிருந்தார். தடையின்றி விழும் பொருள் தன் எடையை உணர்வதில்லை. அதன்மேல் விசை எதுவும் செயற்படவில்லை, காலமும் வெளியும் வளைந்திருக்கும் இடத்தில் அது தன் நேரான வழியில் செல்கிறது.

முதல் வீழ்ச்சிக்குக் காரணம் எது என்று தருக்க சங்கிரகம் கேட்டது. இந்தப் புதிய இயக்கவியலில் வீழ்ச்சிக்குக் காரணம் தேவையில்லை. விழாமல் இருப்பதற்கே காரணம் தேவை. தரையில் அசையாமல் நிற்பதாக எண்ணும் மனிதன்தான் முடுக்கத்துக்கு உள்ளாகிறான், அவனை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும் விசை அவனுடைய உள்ளங்காலுக்கும் தரைக்கும் இடையே இருக்கிறது.